என்னையும் கேட்ட பிறகு

வழக்கில் வென்றவர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாமா என்பது பார்வைக்குச் சின்னக் கேள்விதான். ஆனால் நியாயம் தன் பக்கம் என்று நம்புகிறவர் அந்த நியாயத்துக்குக் காவல் போடலாமா, போட்டால் அது நம்பிக்கைக் குறைவு ஆகாதா என்ற பெரிய கேள்வி அதற்குள் இருக்கிறது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு தொழிலாளி, பல ஆண்டு அலைந்து, மீண்டும் வேலை தர வேண்டும் என்ற உத்தரவைத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வாங்குகிறார். அரசு எடுத்துக்கொண்ட நிலத்துக்குக் கூடுதல் இழப்பீடு கேட்ட குடும்பத்துக்குப் பொன்னேரி சார்பு நீதிமன்றத்தில் தீர்ப்புக் கிடைக்கிறது. திருவள்ளூர் மாவட்ட நீதிமன்றத்தில் பாகப்பிரிவினை கேட்டுப் போராடிய தங்கைக்கு அவள் பங்கு வருகிறது. இந்த மூன்று பேருக்கும் தீர்ப்பு நகல் கைக்கு வந்த அன்றே வக்கீல் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: “மேல கேவியட் போட்டுடலாம்.” எதிர்த் தரப்பு மேல்முறையீட்டுக்குப் போகும். போகும்போதே தீர்ப்பை நிறுத்திவைக்கச் சொல்லும் மனுவையும் சேர்த்துக் கொண்டுபோகும். என்னைக் கேட்காமல் அந்தத் தடையைக் கொடுத்துவிடாதீர்கள் என்று மேல் நீதிமன்றத்திடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் கேவியட் மனு. பலரும் தயங்குகிறார்கள். செலவு ஒரு காரணம். அதைவிட ஆழமான தயக்கமும் உண்டு. “ஜெயிச்சாச்சு, இனிமே ஆண்டவன் பாத்துப்பான், நாமளே போயி சண்டைய இழுக்கணுமா?” என்று கேட்பவர்கள் நல்லவர்கள். அவர்களுடைய தயக்கத்தை மதிக்கிறேன். அதன் முடிவை ஏற்க முடியவில்லை.

முதலில் அந்த மனு என்ன செய்கிறது என்பதைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதன் ஒழுக்கம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் 148ஏ என்ற பிரிவை 1976ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. 1977 மே 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. எதிராளி ஒரு மனுவோடு வரக்கூடும் என்று எதிர்பார்ப்பவர், அந்த மனுவின் விசாரணையில் பேச உரிமை உள்ளவராக இருந்தால், முன்பே நீதிமன்றத்தில் பதிவு செய்துவைக்கலாம். பதிவு செய்தால் மட்டும் போதாது. யார்மீது எதிர்பார்த்துப் பதிவு செய்தாரோ அவருக்கே பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, இப்படிச் செய்திருக்கிறேன் என்று அறிவிக்க வேண்டும். பிறகு எதிராளி மனு போட்டால் நீதிமன்றம் இவருக்கு அறிவிப்புத் தர வேண்டும். எதிராளி தன் மனுவையும் அதனோடு இணைத்த ஆவணங்களையும் இவருக்குக் கொடுக்க வேண்டும், நகலெடுக்கும் செலவு இவருடையது. 90 நாள் கழிந்தால் அந்த மனு தானாகவே உயிரிழக்கும். எதிராளி மேல்முறையீடு செய்வதை அது தடுப்பதில்லை. அவருடைய வாதத்தில் ஒரு வரியைக்கூடக் குறைப்பதில்லை. தடை கொடுக்காதே என்றுகூட அது நீதிபதியிடம் சொல்வதில்லை. என்னையும் கேட்ட பிறகு கொடுங்கள் என்பதோடு அதன் கோரிக்கை முடிந்துவிடுகிறது. எதிராளியிடமிருந்து அது எடுத்துக்கொள்வது, ஒருவர் மட்டும் நின்று பேசி உத்தரவு வாங்கிவிடும் வசதியை மட்டும்தான்.

அந்த வசதி எவ்வளவு பெரியது என்பதை அறிய இந்த வட்டாரத்தை விட்டுச் சற்றுத் தெற்கே போகலாம். தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலையை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2010 செப்டம்பர் 28 அன்று உத்தரவிட்டது. அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மூன்று நாளில் கிடைத்த தடை, 2013 ஏப்ரலில் இறுதித் தீர்ப்பு வரும்வரை ஏறக்குறைய இரண்டரை ஆண்டு நின்றது. தடை தவறா சரியா என்பதைப் பேச இங்கே இடமில்லை. இடைக்கால உத்தரவு என்ற பெயரில் வருவது நடைமுறையில் எத்தனை நீளமானது, எத்தனை வேகமாகப் பிறக்கக்கூடியது என்பதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 18 அன்று, ஆலையை மூடிய அரசின் முடிவு சரியே என்று அதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் கேவியட் மனு போட்டது. ஆலை அதன் பிறகு திறக்கப்படாததற்கு அந்த மனுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். அதற்கு வேறு பல காரணங்கள் உண்டு. ஓர் அரசாங்கமே, தன் கையில் தீர்ப்பை வைத்துக்கொண்டு, என்னையும் கேளுங்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது என்பது மட்டும் எனக்குப் போதும்.

இனி நம்பிக்கையின் பக்கம் வருவோம். கேட்காமல் தீர்ப்பளிப்பது பாவம் என்பதில் மதங்களுக்குள் அதிக வேறுபாடு இல்லை. 1723இல் இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பென்ட்லி என்ற அறிஞரின் பட்டங்களை அவரைக் கேட்காமலே பறித்த வழக்கில், ஒரு நீதிபதி ஏதேன் தோட்டத்தை எடுத்துக்காட்டினார்: எல்லாம் அறிந்த கடவுள்கூட ஆதாமை அழைத்து, அவன் தரப்பைக் கேட்ட பிறகுதான் தண்டித்தார் என்பது அவர் வாதம். நம்மிடம் இதற்கு மறுபக்கச் சான்று இருக்கிறது. பாண்டியன் அவையில் கோவலன் நிறுத்தப்படவே இல்லை. பொற்கொல்லன் ஒருவன் பேச்சே போதுமானதாக இருந்தது. கண்ணகி வந்து சிலம்பை உடைத்துக் காட்டிய விசாரணை முறையாக நடந்தது, சரியான முடிவுக்கும் வந்தது, ஆனால் கொலைக்குப் பிறகு நடந்தது. சிலப்பதிகாரத்தைப் பெரும்பாலும் ஊழின் காவியமாக வாசிக்கிறோம். நீதிமன்ற வராந்தாவில் நிற்பவர்களுக்கு அது வரிசை மாறிப்போன ஒரு விசாரணையின் கதையும்தான். பின்னால் கேட்டாலும் கேட்டதுதானே என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கதையைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கேட்க வேண்டியது அரசனின் கடமை என்பதிலிருந்து, கேளுங்கள் என்று முன்கூட்டியே போய் நிற்பது பக்தனுக்கு அழகு என்பது தானாக வந்துவிடாது. அதற்கு நான் பெரியபுராணத்துக்குத்தான் போவேன். சேக்கிழார் சுந்தரரின் கதையைத் தொடங்குவதே ஒரு வழக்கோடு. புத்தூரில் சுந்தரருக்குத் திருமணம் நடக்கப்போகிறது. கிழவர் ஒருவர் வந்து, உனக்கும் எனக்கும் ஒரு வழக்கு இருக்கிறது, அதை முடித்துவிட்டு மணம் செய் என்கிறார். சுந்தரரும் அதை ஒப்புக்கொள்கிறார். சுந்தரர் தனக்கு அடிமை என்று அவருடைய பாட்டனார் எழுதித் தந்ததாகக் கிழவர் காட்டிய ஆளோலையைச் சுந்தரர் பிடுங்கிக் கிழித்தபோது வழக்கு முடிந்துவிட்டது என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் கிழவர் நிதானமாகச் சொல்கிறார்: அவன் கிழித்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது. அதோடு நிற்கவில்லை. இவன் மறுபடி வன்முறை செய்யாமல் நீங்கள் பார்த்துக்கொள்வதாக இருந்தால் காட்டுகிறேன் என்று சபையிடம் முதலில் பாதுகாப்புக் கேட்கிறார். சபை உறுதி தந்த பிறகே ஓலை வெளியே வருகிறது. பாட்டனாரின் வேறு கையெழுத்தோடு அது ஒப்பிடப்படுகிறது, உண்மை என்று முடிவாகிறது. கிழவராக வந்த சிவபெருமான் இந்தக் கதையில் நீதிபதி அல்ல, வழக்காடி. நினைத்த மாத்திரத்தில் வெல்லக்கூடியவர் நகல் வேறு, அசல் வேறாக வைத்திருக்கிறார். எதிராளி என்ன செய்வான் என்று முன்னமே எண்ணிப் பார்த்திருக்கிறார். மன்றத்தின் துணையைக் கேட்டுப் பெறுகிறார். சேக்கிழாருக்கு இதில் எந்தக் கூச்சமும் இல்லை. வழக்கின் நெறிக்குள் தன்னை ஒப்புக்கொடுத்து, அந்த நெறி தரும் காப்பையும் எடுத்துக்கொள்ளும் இறைவனை வணங்கும் மரபில், வென்றவர் ஒரு மனுவைப் பதிவு செய்துவைப்பது எப்படி நம்பிக்கைக் குறைவாகும்?

முன்யோசனை எல்லாமே நல்லது என்று இதற்குப் பொருள் கொண்டால் அதே சுந்தரர் கதை நம்மைத் திருத்திவிடும். இந்த முறை களம் நம் வட்டாரம். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணக்கும்போது, உன்னைப் பிரிய மாட்டேன் என்று சுந்தரர் சன்னதியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. ஆரூர்ப் பெருமானை விட்டு நெடுநாள் இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் முன்கூட்டியே இறைவனிடம் ஓர் ஏற்பாடு செய்துகொள்கிறார்: நான் சத்தியம் செய்யும் நேரத்தில் நீ சன்னதியை விட்டு மகிழ மரத்தடியில் இரு. இறைவன் சம்மதித்துவிட்டு, சங்கிலியார் கனவில் போய், மகிழின் கீழ் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். சுந்தரர் மகிழின் கீழ் சத்தியம் செய்தார், பின்னாளில் ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார், இரண்டு கண்ணும் போயிற்று. திருவெண்பாக்கத்தில் கேட்டபோது அவருக்குக் கிடைத்தது ஊன்றுகோல் மட்டும். அந்தத் திருவெண்பாக்கம் திருவள்ளூரை அடுத்த பூண்டிதான். 1944இல் கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போக, ஊன்றீஸ்வரர் கரையில் புதிதாக எழுப்பிய கோயிலுக்கு வந்தார். இரண்டு கதையிலும் ஒருவர் தன் நிலையை முன்கூட்டியே காத்துக்கொள்கிறார். வெண்ணெய்நல்லூரில் அது ஊர்ச் சபைக்கு முன், எதிராளியின் காதுபட நடக்கிறது. ஒற்றியூரில் அது எதிர்த் தரப்புக்குத் தெரியாமல், அவள் கேட்கப்போகும் சத்தியத்தையே வெற்றாக்குவதற்காக நடக்கிறது. எதிராளியிடம் நேரில் சொல்லக்கூடிய காப்பா, அவருக்குத் தெரிந்தால் பயனற்றுப்போகும் காப்பா என்று கேட்டுப் பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். பதிவுத் தபாலில் எதிராளிக்கு அறிவிக்க வேண்டும் என்று 148ஏ வைத்திருக்கும் நிபந்தனையை வெறும் நடைமுறை என்று நான் நினைக்கவில்லை. முதல் வகைக் காப்பை இரண்டாம் வகையிலிருந்து பிரித்து நிறுத்துவது அதுதான்.

இந்த உரைகல்லில் தேய்த்துப் பார்த்தால், மேல்முறையீட்டுக் காலத்தில் நடக்கும் பல காரியங்கள் நிறம் மாறும். தீர்ப்பு வந்த வாரமே, மேலே தடை வருவதற்குள் என்று சொல்லி இரவோடு இரவாகச் சுவரை இடிப்பது, வழக்குச் சொத்தை உறவினர் பெயருக்கு மாற்றுவது, தோற்ற நிறுவனம் இயந்திரங்களை வேறு கூடத்துக்கு நகர்த்திவிட்டு அந்தப் பிரிவே இல்லை என்று சொல்வது, எல்லாமே தன் நிலையைக் காத்துக்கொள்வது என்ற பேரில் நடக்கின்றன. எல்லாமே மகிழ மரத்து ஏற்பாடுகள். நேர்வழியில் நிற்பவர் செய்யக்கூடியவை அளவில் சிறியவை: சான்றிட்ட நகலுக்கு உடனே மனுச் செய்வது, நிறைவேற்று மனுவைக் காலம் கடத்தாமல் தயார் செய்வது, ஆவணங்களின் அசலைப் பத்திரப்படுத்துவது, மேல் நீதிமன்றத்தில் கேவியட் பதிவது. மேல்முறையீடு போட்டதாலேயே தீர்ப்பு நின்றுவிடாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 41, விதி 5 அப்படித்தான் சொல்கிறது. தடை வேண்டுமென்றால் பெரும் இழப்பு வரும் என்று காட்ட வேண்டும், தாமதமின்றி வந்திருக்க வேண்டும், பிணையம் கொடுக்க வேண்டும். இந்த மூன்றும் இருக்கிறதா என்பதை மறுத்துப் பேச ஆள் இருந்தால்தான் நீதிபதிக்கு முழுப் படம் கிடைக்கும். இழப்பீட்டு வழக்கில் தொகையின் ஒரு பகுதியை நீதிமன்றத்தில் கட்டச் சொல்லித் தடை தருவதற்கும், ஒன்றும் கட்டாமல் தடை தருவதற்கும் உள்ள வேறுபாடு, நிலம் இழந்த குடும்பத்துக்கு அடுத்த சில ஆண்டுகளின் சோறு.

சரணாகதி என்ன ஆவது என்று இன்னும் கேட்கலாம். பலனை விட்டுவிடு என்று மரபு சொல்கிறது. தீர்ப்பைக் காப்பது பலனைப் பிடித்துக்கொள்வதுதானே? இந்த ஆட்சேபத்தில் உண்மை இருக்கிறது, அதனால்தான் மனு எதைக் கேட்கிறது என்பதை மேலே அவ்வளவு விரித்துச் சொன்னேன். வெற்றியை அது கேட்பதில்லை. விசாரணையைக் கேட்கிறது. பலனை இறைவனிடம் விட்டவருக்கும் வாய் அவருடையதுதான். அதைப் பயன்படுத்த மறுப்பதைப் பற்றின்மை என்று சொல்ல மாட்டேன். இன்னொன்றும் இருக்கிறது. தன் ஒருவனுடைய இழப்பை ஒருவர் தாங்கிக்கொண்டால் அது துறவாகலாம். மீண்டும் வேலை என்ற உத்தரவைக் கையில் வைத்திருப்பவர் பின்னால் ஒரு குடும்பம் இருக்கிறது, பல நேரம் அதே காரணத்துக்காக நீக்கப்பட்ட சக தொழிலாளிகளும் இருக்கிறார்கள். அவர்களுடைய சோற்றை ஆண்டவன் பொறுப்பில் விடும் அதிகாரம் இவருக்கு யாரும் கொடுக்கவில்லை. தடை என்பதே ஒரு தண்டனையாகிவிடும் என்பதைச் சட்டமன்றங்களும் உணர்ந்தே இருந்தன. மீண்டும் வேலை தரச் சொன்ன உத்தரவை எதிர்த்து நிறுவனம் உயர் நீதிமன்றத்துக்கோ உச்ச நீதிமன்றத்துக்கோ போனால், வழக்கு முடியும்வரை தொழிலாளி கடைசியாக வாங்கிய முழுச் சம்பளத்தையும் தர வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுத் தொழிற்தகராறுச் சட்டத்தில் 17பி பிரிவை 1982ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்தது. அதைப் பெறவும் தொழிலாளிதான் வந்து, வேறு வேலையில் இல்லை என்று பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டியிருந்தது. வாய் திறந்தவருக்கே அந்தக் கருணையும் எட்டியது.

இதைவிடக் கடினமான ஆட்சேபம் வேறு திசையிலிருந்து வருகிறது. இரு தரப்பையும் கேட்பது நீதிமன்றத்தின் சொந்தத் தர்மம் என்றால், அதற்கு ஒரு குடிமகன் ஏன் மனுப் போட வேண்டும்? பணம் உள்ளவனுக்கு மட்டும் கேட்கப்படும் உரிமை என்று ஆகிவிடாதா? கும்மிடிப்பூண்டி ஆலைகளில் உலைக்கு முன் நிற்பவர்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். வேலை போனதும் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போயிருப்பார்கள். மேல் நீதிமன்றத்தின் அறிவிப்பு பூட்டிய கதவுக்கு வந்து திரும்பும். இந்த ஆட்சேபத்தை என்னால் முழுதாக மறுக்க முடியாது, மறுக்கவும் விரும்பவில்லை. ஒருவரைக் கேட்காமல் தடை கொடுக்க நேர்ந்தால் அதன் காரணத்தை எழுத வேண்டும் என்ற கண்டிப்பு உறுத்துக்கட்டளைக்கு இருப்பதுபோல, மேல்முறையீட்டுத் தடைக்கும் நடைமுறையில் இருக்க வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் நீதிபதியின் கடமை குறைபட்டிருக்கிறது என்பதற்காகக் குடிமகன் தன் கையில் உள்ளதை விட்டுவிட வேண்டியதில்லை. நீதிபதி பார்ப்பது முன்னால் உள்ள தாளை. எதிராளியின் பிரமாணப் பத்திரம் மட்டும் அங்கே இருந்தால், எவ்வளவு நேர்மையான நீதிபதிக்கும் கதை ஒன்றுதான். ஊருக்குப் போய்விட்ட தொழிலாளிக்குக் கேவியட் இன்னும் அவசியம், ஏனென்றால் அதில் இருக்கும் வக்கீலின் முகவரி பூட்டிய கதவல்ல. இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுள்ளவர்கள் பட்டியலில் தொழிற்சாலைத் தொழிலாளியை 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சேர்த்திருக்கிறது. பெண்களும் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களும் அதில் இருக்கிறார்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் வழக்குப் போடத்தான் உதவி கேட்க வேண்டும் என்றில்லை. வென்ற வழக்கைக் காக்கவும் கேட்கலாம். தொழிற்சங்கங்கள் இதைத் தங்கள் அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டால் நல்லது.

வலியவர்களும் இதே கருவியை எடுக்கிறார்களே என்பது மூன்றாவது. எடுக்கிறார்கள். ஒரு நிறுவனம் ஆட்களை நீக்கியதும், அவர்கள் தடை கேட்டு வரக்கூடும் என்று கேவியட் போட்டுவைக்கிறது. ஒரு துறை இடம் காலி செய்யும் நோட்டீஸ் கொடுத்த கையோடு கேவியட் போடுகிறது. அப்போது என்னையும் கேளுங்கள் என்ற அதே வாக்கியம், மறுநாள் காலை வீடு இடிபடப்போகும் ஒருவருக்கு ஒருநாள் தாமதமாக மாறுகிறது. நான் சொல்லும் கொள்கை நேர்மையானது என்றால் இவர்களுக்கும் அது பொருந்த வேண்டும். பொருந்துகிறது, ஒரு கடமையோடு. என்னைக் கேட்காமல் எதுவும் செய்யாதீர்கள் என்று மன்றத்திடம் கேட்டவர், அந்த மன்றம் இரு தரப்பையும் கேட்கும் வரை தானும் எதுவும் செய்யாமல் இருக்க வேண்டும். கேவியட்டைப் போட்டுவிட்டு, எதிராளிக்கு அறிவிப்புப் போய்ச் சேரும் அந்த இடைவெளியில் புல்டோசரை அனுப்புகிறவர், தனக்குக் கேட்ட உரிமையைப் பிறருக்கு மறுக்கிறார். சட்டம் இதை இந்தச் சொற்களில் சொல்லவில்லை. கேவியட்டை மீறிப் பிறந்த உத்தரவு தானாகவே செல்லாததா, குறையுள்ளது மட்டும்தானா என்பதிலேயே உயர் நீதிமன்றங்கள் ஒருமித்து நிற்கவில்லை. ஆனால் மனச்சாட்சிக்குச் சட்டப் பிரிவு தேவையில்லை. அரசுத் துறைகளுக்கு இதை ஒரு சுற்றறிக்கையாகவே அனுப்பலாம்.

கடைசியாக அந்த 90 நாள். உயர் நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீட்டுக்குக் கெடு 90 நாள், மற்ற நீதிமன்றங்களுக்கு 30 நாள். தீர்ப்பு நகல் வாங்க ஆகும் நாட்கள் இந்தக் கெடுவில் சேராது என்பதால், உயர் நீதிமன்றத்துக்கான கெடு முடிவதற்கு முன்பே கேவியட் காலாவதியாகிவிடக்கூடும். அதற்குப் பிறகும் தாமதத்தை மன்னிக்கக் கோரி எதிராளி வரலாம். தொழிலாளர் நீதிமன்ற உத்தரவை நிறுவனம் ரிட் மனுவாக எடுத்துப்போனால், அதற்கு இத்தனை நாள் என்று எழுதிய கெடுவே கிடையாது. ஆகவே இன்னொரு முறை போடுவதா, விட்டுவிடுவதா என்ற கேள்வி வென்றவரிடம் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும். இந்த இடத்தில், ஆண்டவன் பாத்துப்பான் என்பவர்களுடன் நானும் ஓரளவு சேர்ந்துகொள்கிறேன். எல்லாக் காலத்துக்குமான காவலை எந்தச் சட்டமும் தரவில்லை, தேடிப் போவதும் மனத்தை அரித்துவிடும். உத்தரவு நிறைவேறும் வரை, அதாவது தொழிலாளி மறுபடி ஆலை வாசலுக்குள் நுழையும் வரை, இழப்பீடு வங்கிக் கணக்கில் ஏறும் வரை, தங்கையின் பங்கு அளந்து கல் நடப்படும் வரை, மனுவைப் புதுப்பிக்கத்தான் வேண்டும். அதன் பிறகு வருவதை அதன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.